ஓடாத வண்டிக்கு இடமில்லை

அடையாறு பாலத்தின் மேல் வண்டி நின்றுபோனால், இந்த ஊரில் நமக்கு எத்தனை சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பெருசு, தாத்தா, மாமா, அண்ணாத்தே என்று எல்லா முறையும் வைத்துக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டு அடுத்து என்ன சொல்வார்கள் என்பதைத்தான் இங்கே எழுத முடியாது.

மே மாத மத்தியானம். பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பேருந்து ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. ஹெல்மெட் போட்ட ஒரு பெண் ஸ்கூட்டரை என் கால் ஓரமாக நிறுத்தி, "ஓட்டத் தெரியலைன்னா வீட்லயே வைங்க அங்கிள்" என்றாள். அதற்கு நான் பதில் யோசிப்பதற்குள் ஒரு ஷேர் ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா நைனா, செத்த காலேஜ்லேர்ந்து தள்ளிக்கினு வந்துட்டியா?"

செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். உயிருள்ள மிருகங்கள் இருந்த இடம் உயிர் காலேஜ், பாடம் பண்ணி வைத்த இடம் செத்த காலேஜ். அந்தக் காலத்து மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர். அதை இன்னும் ஒருவர் வாயில் வைத்திருக்கிறாரே என்று, அந்த வெயிலிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். பனகல் பார்க் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சட்டைத்துணி மேஜைக்குப் பின்னால் நின்றே என் காலம் கழிந்தது. துணியை விரித்துப் போட்டுக்கொண்டே ஜனங்கள் பேசுவதைக் கேட்டதுதான் நான் படித்த படிப்பு. ஒருவர் ஒரு வார்த்தையை அழகாகச் சொன்னால், அது என்னைத் திட்டுகிற வார்த்தையாகவே இருந்தாலும், முடிந்து வைத்துக்கொள்வேன்.

முன் சீட்டில் என் மனைவி எக்ஸ்ரே கவரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வருமா, வராதா?" என்றாள்.

"வரும். சூடு ஆறணும்."

"பாலத்துல நின்னா எப்படிங்க ஆறும்?"

ஆறியது. வழக்கமாக அப்படித்தான். அரைமணி போல நிற்கும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். அந்த அரைமணிக்குள் ஊரே நம்மைத் திட்டி முடித்திருக்கும்.

இவ்வளவு அவமானத்துக்கு இந்த வண்டி எதற்கு என்று கேட்பீர்கள். பழைய கார் மீது பைத்தியம் என்று எங்கள் பிளாட்டில் எல்லோரும் நினைத்தார்கள். பைத்தியமெல்லாம் இல்லை. கடைக்கு வருகிற ஒரு வாடிக்கையாளர் வீட்டைக் காலி செய்தபோது வாங்கிப் போட்ட வண்டி அது. கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். அதனால் முன் சீட்டு நடுவில் தடுப்பே இல்லாமல், சோபா மாதிரி, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை ஒரே நீளம். மனைவிக்கு இடுப்பிலும் முட்டியிலும் ஆபரேஷன் ஆன பிறகு அவள் வலது கால் முழுசாக மடங்கவில்லை. ஆட்டோவில் ஏற்றினால் அலறினாள். வாடகைக் காரில் முன் சீட்டுக்கு நடுவே கைபிரேக் இடித்தது. இந்த ஒரு வண்டியில்தான் முதுகைக் கதவோரம் சாய்த்து, காலை சீட்டின் மேலேயே நீட்டி, வலியில்லாமல் வந்தாள். அடையாறில் பிசியோதெரபி. அது முடிந்தால் பெசன்ட் நகர் கடற்கரையில் கொஞ்ச நேரம் காற்று. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பார்த்த உலகம் அவ்வளவுதான்.

அந்த உலகத்துக்கும் ஒரு வாசல் வேண்டுமல்லவா? அந்த வாசல், மாடிப்படிக்குப் பக்கத்திலிருந்த பார்க்கிங் இடம். மந்தைவெளியில் எங்கள் பிளாட்டில் ஆறு வீடு. கூரை போட்ட இடம் மூன்று வண்டிக்குத்தான். அதில் படியோரத்து இடத்தில் என் வண்டி நின்றது. படியை விட்டு இறங்கி, கைத்தடியோடு நாலு எட்டு வைத்தால் கதவு. தெருவில் நிறுத்தினால் எங்கே இடம் கிடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? மாநகராட்சி தோண்டிப் போட்ட பள்ளத்தைத் தாண்டி அவள் நடக்கவே முடியாது. இடம் போனால் வண்டி போனது மாதிரி. வண்டி போனால் அவள் நாலு சுவருக்குள்தான்.

அந்த இடத்தின் மேல் கண் வைத்தவர் எங்கள் பிளாட் சங்கச் செயலாளர். கீழ் வீடு. வங்கியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக ஒரு பெரிய வெள்ளை வண்டி வாங்கியிருந்தார். கூரைக்கு அடியில் ஏற்கெனவே அவருடைய பழைய வண்டி நின்றதால், வெள்ளை வண்டி தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில். மரத்தில் காக்காய்கள். காலையில் அவர் வாளியும் துணியுமாக எச்சத்தைத் துடைத்துக்கொண்டே என் வண்டியைப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வையிலேயே என் டயரில் காற்று இறங்கும்.

வாயைத் திறந்தால் அதைவிட மோசம். "ஓடினாதான் சார் அது கார். நின்னா ஃபர்னிச்சர்" என்பார். நல்ல வார்த்தைதான், ஒப்புக்கொள்கிறேன். அதைச் சொன்ன வாயைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வெயில் ஏறியதிலிருந்து என் வண்டி அடிக்கடி நின்று, தெருமுனையிலிருந்து ஆட்கள் தள்ளிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் அவர் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்து பிளாட் வாட்ஸப் குழுவில் போட்டார். கீழே "இன்றைய ஊர்வலம்" என்று ஒரு வரி. பக்கத்தில் கை கூப்பின படம். மற்ற வீட்டுக்காரர்கள் சிரிக்கிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். என் வீட்டுக் குழம்பை ருசித்தவர்களும் அதில் உண்டு.

நானும் சும்மா இருக்கவில்லை. அவருடைய பழைய வண்டி மாதக்கணக்கில் நகரவே இல்லை, அதன் சக்கரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. அதைப் படமெடுத்து "வாடகை இல்லாமல் குடித்தனம்" என்று போட்டேன். அவ்வளவுதான், சண்டை வாட்ஸப்பிலிருந்து சங்கக் கூட்டத்துக்கு வந்துவிட்டது.

கூட்டத்தில் அவர் எழுந்து நின்று பேசினார். "தானா உள்ள வந்து தானா வெளிய போற வண்டிக்குத்தான் கூரையடி. தள்ளிக்கிட்டு வர்ற வண்டிக்கு இல்ல. ஓடாத வண்டிக்கு இடமில்லை, அவ்ளோதான்."

"என் வண்டி ஓடும் சார்" என்றேன்.

"எங்க ஓடும்? இறக்கத்துலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அதோடு விடவில்லை. "சரி, உங்களுக்கும் ஒரு வாய்ப்பு. அடுத்த ஞாயித்துக்கிழமை, உச்சி வெயில்ல, பெசன்ட் நகர் வேளாங்கண்ணி சர்ச் வரைக்கும் போய்த் திரும்பி வருவோம். நானே கூட உக்காந்து வர்றேன். நடுவுல நின்னுதுன்னா மறு பேச்சு இல்லாம இடத்தை விட்டுடணும்."

என்னைக் கேட்காமலே என் வாய் "சரி" என்றது. மாடி ஏறி வந்து மனைவியிடம் சொன்னபோது, அவள் காலை முக்காலியின் மேல் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "வண்டி எங்க நிக்கணும்னு அதுக்குத் தெரியுது. வாய் எங்க நிக்கணும்னு உங்களுக்குத் தெரியலையே" என்றாள்.

மறுநாள் மெக்கானிக்கிடம் போனேன். மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவருடைய கொட்டகை. ஏற்கெனவே அந்த வண்டியை அவர் ஒரு வழி பண்ணியிருந்தார். முதலில் "காயில் போச்சு சார், சூடானா கரண்டு குடுக்கல" என்றார். காயிலை மாற்றினோம். பாலத்தில் நின்றது. "கண்டென்சர் சார், நான் அப்பவே நெனச்சேன்" என்றார். அப்பவே நினைத்ததை அப்பவே சொல்லியிருக்கலாமே? கண்டென்சரை மாற்றினோம். மலர் ஆஸ்பத்திரி எதிரே என்று ஜனங்கள் அடையாளம் சொல்வார்களே, அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. மூன்றாவதாக, இன்ஜின் பக்கத்திலிருக்கும் பெட்ரோல் பம்பைக் காட்டி, "அனல்ல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாவுது. ஈரத்துணி சுத்துனா சரியாப் பூடும்" என்றார்.

அதிலிருந்து வண்டியில் தண்ணீர் பாட்டிலும் பழைய பனியனும் வைத்துக்கொண்டு திரிந்தேன். நின்றதும் பனியனை நனைத்து பம்பின் மேல் சுற்றுவேன். புகை மாதிரி ஆவி கிளம்பும். அரைமணி கழித்து வண்டி கிளம்பும். பார்த்தீர்களா, ஈரத்துணி வேலை செய்கிறது என்று நானும் நம்பினேன். துணி போடாமல் சும்மா நின்றாலும் அதே அரைமணியில்தான் கிளம்பும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பந்தயத்தைச் சொன்னதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "சார், சொல்றேன்னு கோச்சுக்காத. வண்டிக்கு வயசாயிட்ச்சு. உனுக்கும் ஆயிட்ச்சு. ரெண்டு பேரும் வூட்ல குந்துங்க."

"உன் கை பட்ட அப்புறம்தான்யா அது குந்திடுச்சு."

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்த? வேற எட்த்துக்குப் போ."

"போறேன். நீ மாத்துன காயிலை நீயே மாட்டிக்க, உனக்காவது கரண்டு வரட்டும்."

சண்டை போட்டுவிட்டு வந்தது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் இருந்த ஒரே மெக்கானிக்கும் போனார். கையில் மிச்சமிருந்தது ஒரு பாட்டில் தண்ணீரும் பனியனும்தான்.

ஞாயிறுக்கு முந்தின நாள் மனைவியை பிசியோதெரபிக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது மந்தைவெளி தொடுவதற்குள் வண்டிக்கு விக்கல் எடுக்க ஆரம்பித்தது. காலை அழுத்தினால் முன்னால் போகாமல் குலுங்கியது. இன்னும் கொஞ்ச தூரம்தான் தாங்கும், பிறகு நின்றுவிடும் என்று எனக்குப் பழக்கமாகிவிட்ட குலுக்கல். வழியில் ஒரு பெட்ரோல் பங்க் தெரிந்தது. நடுத்தெருவில் நிற்பதற்கு அங்கேயாவது நிற்கட்டும் என்று திருப்பினேன். உள்ளே நுழைந்ததும் உயிரை விட்டது. சரி, வந்ததற்கு பெட்ரோலாவது போடுவோம் என்று இறங்கினேன்.

பங்க்கில் நம் ஊர்க்காரர்கள் எங்கே பார்ப்பார்கள்? மீட்டரில் சைபர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம் நமக்கு ரத்தத்தில் ஊறியது. நானும் கண்ணை எடுக்காமல் சைபரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்த பங்க் பெண் துள்ளிக் குதித்தாள்.

"யம்மா! இன்னா சார், உள்ள பாம்பு கீம்பு வெச்சிக்கீறியா?"

"என்னம்மா?"

"தொறந்ததும் உஸ்ஸுன்னுதே!"

"சூடும்மா. வண்டி சூடாயிருக்கு" என்றேன், எல்லாம் தெரிந்தவன் மாதிரி. பணத்தைக் கொடுத்துவிட்டு, எப்படியும் ஓரமாகத் தள்ளி அரைமணி நிறுத்தவேண்டும் என்ற நினைப்பில் சும்மா சாவியைத் திருப்பினேன். உடனே கிளம்பியது. அனல் அடிக்கிற இன்ஜின், ஈரத்துணி இல்லை, காத்திருக்கவும் இல்லை. குலுக்கல்கூட இல்லாமல் ஓடியது.

மனைவி ஜன்னல் வழியே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அது உஸ்ஸுன்னது வெளிய விடற மாதிரி இல்லைங்க. உள்ள இழுக்கற மாதிரி இருந்தது. எனக்கு இங்க கேட்டுது."

"அதனால?"

"எண்ணெய் டின்ல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் ஒழுங்கா வருமா? எதிர்ப்பக்கம் காத்துக்கு இன்னொரு ஓட்டை போடணும்ல? இந்த டேங்குக்குக் காத்து எங்கேர்ந்து போகும்?"

வண்டியை ஓரமாக நிறுத்தி, மூடியைக் கழற்றி அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். பளபளவென்று இருந்த மூடியின் நடுவில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பள்ளம். காற்று போகிற ஓட்டை அதுதான். அதில் சிமெண்ட் வைத்துப் பூசிய மாதிரி எதுவோ இறுகிக் கிடந்தது. மேலே லேசாகச் சிவப்பு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "அடப்பாவி! அந்தச் செயலாளர் வேலைதான் இது. இடத்துக்காக மண்ணை அப்பிட்டு..."

மனைவி புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி அதைச் சுரண்டினாள். நகத்தில் வந்த தூளை மூக்கருகே கொண்டுபோனாள். "மண்ணு இல்லைங்க. சந்தனம்" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். போன ஆயுத பூஜை. எங்கள் பிளாட்டில் அன்றைக்கு ஆறு வீட்டு வண்டிகளையும் கழுவி வரிசையாக நிறுத்துவோம். சங்கத்தின் சார்பில் செயலாளர் வேட்டி கட்டிக்கொண்டு, வெள்ளிக் கிண்ணத்தில் குழைத்த சந்தனத்தோடு வருவார். சைக்கிள் முதல் கார் வரை எல்லாவற்றுக்கும் அவர் கையால்தான் பொட்டு. வேறு யாரையும் தொட விடமாட்டார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் என் வண்டியை அன்பாகத் தொடுவார். விளக்குக்கு, பம்பருக்கு, கதவுக்கு. பின்னால் வட்டமாக ஒரு மூடி, நடுவில் ஒரு பள்ளம், பொட்டு வைக்கவே செய்த மாதிரி. கட்டை விரலால் அழுத்தி வைத்திருக்கிறார். அதன் மேல் குங்குமம். அப்போது வண்டி லஸ் வரை காய் வாங்கப் போய் வந்ததோடு சரி, ஒன்றும் தெரியவில்லை. அடையாறு வரை ஓட ஆரம்பித்தபோது வெயிலும் கூடவே வந்தது. பழியெல்லாம் வெயில் மேல் போயிற்று.

ஊக்கு முனையால் ஓட்டையைக் குத்தி ஊதினேன். காற்று போயிற்று. இத்தனை நாளும் அரைமணி நின்றால் எங்கோ இடுக்கு வழியே கொஞ்சம் காற்று டேங்குக்குள் கசிந்திருக்கிறது, அதில்தான் வண்டி கிளம்பியிருக்கிறது. அத்தனை நாள் திட்டு வாங்கியதெல்லாம் ஒரு ஊக்கு முனையில் வந்து நின்றது. "நாளைக்கு அந்த ஆளைப் பின்சீட்ல உக்கார வெச்சு, போகும்போதே சொல்றேன் பாரு" என்றேன்.

"சொல்லாதீங்க."

"ஏன்? அவர்தானே காரணம்?"

"சொன்னீங்கன்னா வண்டிப் பேச்சு போய் சாமிப் பேச்சு வந்துடும். பூஜையைக் குத்தம் சொல்றாருன்னு ஆரம்பிப்பாரு. எல்லார் வண்டியிலயும் அவர் வெச்ச பொட்டு இருக்கு, எல்லாரும் அவர் பக்கம் போயிடுவாங்க. எனக்கு அந்தப் படியோரம் வேணும். நாளைக்கு ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு வண்டியை ஓட்டுங்க."

நாற்பது வருஷம் பேசியே துணி விற்றவனிடம் இதைச் சொல்கிறாள்.

ஞாயிறு உச்சிப் பொழுது. செயலாளர் தண்ணீர் பாட்டிலும் விசிறிக்கொள்ள மடித்த பேப்பருமாகப் பின்சீட்டில் ஏறினார். மனைவி முன்னால் காலை நீட்டிக்கொண்டாள். அவள் வரவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. நான் பேசாமலிருக்கிறேனா என்று பார்க்க வந்தாள் என்று நினைக்கிறேன்.

"மேடம், நடந்து திரும்பறதுக்குச் செருப்பு நல்லதாப் போட்டுக்கிட்டீங்களா?" என்றார் செயலாளர். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

போகும்போது ஒன்றுமில்லை. பெசன்ட் நகரில் சர்ச்சைச் சுற்றித் திருப்பியபோது, "போகும்போது எல்லா வண்டியும் போகும்" என்றார். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் நெரிசல். நகராமல் நின்றோம். இன்ஜின் சூடு காலுக்குக் கீழே தகித்தது. சூடு காட்டுகிற முள் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கும் உள்ளுக்குள் சந்தேகம்தான். சந்தனம்தான் காரணமா, இல்லை மெக்கானிக் சொன்ன அனலும் உண்மைதானா? சோதித்துப் பார்க்க எங்கே நேரம் இருந்தது?

"இங்கதானே சார் வழக்கமா?" செயலாளர் முன்னால் குனிந்து, என் காதருகே கேட்டார். "பூமாலை ஏதாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்."

இன்ஜின் ஒரு தடவை உதறியது. மனைவி சீட்டின் விளிம்பைப் பிடித்தாள். அவர் பேப்பரால் விசிறுவதை நிறுத்தினார். அந்த உதறலில் என் தொண்டைவரை வந்துவிட்டது: உன் கட்டை விரல்தானய்யா, உன் கட்டை விரல்தான்! மனைவியின் கை என் முழங்கைக்குக் கீழே வந்து அழுத்தியது. வாயை மூடிக்கொண்டு காலை லேசாக அழுத்தினேன். உதறல் அடங்கி, இன்ஜின் ஒரே சீராகப் பேச ஆரம்பித்தது. முன்னால் வழி விட்டது. நகர்ந்தோம்.

பட்டினப்பாக்கம் திரும்பியபோதுதான் பின்சீட்டில் பேப்பர் மறுபடி விசிற ஆரம்பித்தது.

பிளாட்டுக்குள் நுழைந்து, படியோரத்தில் வண்டியை நானே கொண்டுபோய் நிறுத்தினேன். பால்கனிகளில் எல்லா வீட்டாரும் நின்றிருந்தார்கள். ஒருவர் போனைக்கூட தயாராகப் பிடித்திருந்தார், ஊர்வலம் வராததால் இறக்கினார். செயலாளர் வியர்வையில் ஒட்டிய சட்டையை உரித்துக்கொண்டே இறங்கி, அண்ணாந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஓடிச்சு, ஒத்துக்கறேன். ஆயுத பூஜைக்கு என் கையால சந்தனம் வெச்சு வேண்டிக்கிட்டேன். அது வீண் போகலை."

பால்கனியில் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அப்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. மனைவி கதவைத் திறந்து, கைத்தடியை ஊன்றி, நாலு எட்டு வைத்துப் படியைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, சாப்பிடலாம்" என்றாள். போனேன்.

இடம் எங்களிடமே இருந்தது. வெள்ளை வண்டி மேல் காக்காய்கள் தங்கள் கடமையைச் செய்துகொண்டிருந்தன. செயலாளரும் நானும் படியில் எதிர்ப்பட்டால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போனோம்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு வழக்கம்போல வண்டிகளைக் கழுவி நிறுத்தினோம். மனைவி கடற்கரைக்குப் போகத் தயாராக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். செயலாளர் வெள்ளிக் கிண்ணத்தோடு வந்தார். என் வண்டிக்கு விளக்கில் வைத்தார், பம்பரில் வைத்தார், கதவில் வைத்தார். பின்பக்கம் போனார். நான் முந்திக்கொண்டு மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினேன்.

"என்ன சார் இது? நல்ல நாள்ல மறிக்கிறீங்க?"

நான் கையை எடுக்கவில்லை. மனைவிதான் ஜன்னல் வழியே தலையை நீட்டி, மெதுவாகச் சொன்னாள். "அது வண்டி மூச்சு விடற இடம் சார். போன வருஷம் வெச்சது அங்க அடைச்சிருந்தது. ஊக்கால குத்தித்தான் எடுத்தோம். சந்தனம்."

அவர் என் கையைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தை, "அடடா" என்றாவது, வரும் என்று நின்றேன். வரவில்லை. கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை எல்லாம் வழித்து உருட்டிக்கொண்டு முன்பக்கம் நடந்தார். முன் கண்ணாடியில், ஓட்டுகிறவன் கண்ணுக்கு மிகச் சரியாக நேரே, தோசை மாதிரி அப்பி, மேலே குங்குமத்தைக் குத்திவிட்டுப் போனார்.

நல்ல நாளில் துடைக்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். பெசன்ட் நகர் வரை கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். வண்டி எங்கேயும் நிற்கவில்லை.